சாவி யார் கையில்?

(சேரிப் பிள்ளைகளுக்கான மாலைப் பள்ளி ஒன்றில், நவம்பர் 14 அன்று நடந்த புத்தகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு நேரு பிறந்த நாள், குழந்தைகள் தினம். இன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தேசியப் புத்தக வாரம். நூலக வாரமும் இதேதான். ஏப்ரல் 2, ஆண்டர்சன் பிறந்த நாள், சர்வதேசச் சிறுவர் புத்தக நாள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்று யுனெஸ்கோ 1995இல் அறிவித்தது. நாளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்த நாளில் சேரிப் பிள்ளையின் கையில் என்ன இருந்தது என்பதுதான் என் கேள்வி.

என் கையில் தூசி துடைக்கிற துணி இருந்தது. ஆறாவது படிக்கும்போது, குழந்தைகள் தினத்துக்கு முதல் நாள் பள்ளியில் புத்தக அலமாரியைத் திறந்தார்கள். துடைக்க எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சு தூக்கினதும் நாங்கதான். மறுநாள் மேசைமேல் அடுக்கி வைத்திருந்ததில் படம் போட்ட ஒன்றை எடுத்து விரித்தேன். "தொடச்சாச்சுல்ல, வச்சிட்டுப் போடா" என்றார் வாத்தியார். சாயங்காலம் ஆளுக்கொரு மிட்டாய். அலமாரியைப் பூட்டினார்கள். திறந்தது அடுத்த நவம்பரில். அப்பவும் துடைக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

இதைச் சொல்லி அழ நான் வரவில்லை. கொண்டாட்டமே வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. கொண்டாட்டம் என்ன செய்யும் என்பதற்கு நம்முடைய வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

1900 நவம்பர் 7 அன்று பீவா என்கிற ஒன்பது வயதுப் பையன் சதாரா பள்ளியில் சேர்ந்தான். உட்கார சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய், சாயங்காலம் திரும்பத் தூக்கி வரணும். பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. அந்த நாளை மாணவர் நாளாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது 2017இல். 117 ஆண்டுகள் கழித்து.

ஆனால் நம் ஜனங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. பம்பாயில் அந்தப் பையன் ஒரு தேர்வில் தேறியதும் கூட்டம் போட்டுப் பாராட்ட நினைத்தார்கள். பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று அப்பா ராம்ஜி மறுத்தார். மராத்தி எழுத்தாளர் கெலுஸ்கர் அவரைச் சம்மதிக்க வைத்துத் தலைமை தாங்கினார். முடிவில் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையன் கையில் கொடுத்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் அம்பேத்கரே இதைச் சொல்கிறார். அன்றைக்குத் தொடங்கிய வாசிப்பு 1956 அக்டோபர் 14, நாக்பூர் வரை வந்தது. ஒரு கூட்டம், ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பவில்லை, பையனோடு வீட்டுக்குப் போனது.

அதற்கும் முன்னால், 1855இல், ஜோதிராவும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மாங் மகார் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 'ஞானோதயா' இதழில் வந்தது. வேதம் பார்ப்பனருக்கே சொந்தம் என்றால் நாங்கள் புத்தகம் இல்லாதவர்கள், மதமும் இல்லாதவர்கள் என்று வாதாடினாள். வயது பதினாலு.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "குடிசை எரியுது, நீங்க சிறுவர் கதையப் பத்திப் பேசுறீங்களே?" நியாயமான கோபம். ஆனால் எரித்தவனின் பிள்ளை படிக்கிற கதைப் புத்தகத்தில் சேரி இல்லை. நம் பிள்ளை படிக்கிறதிலும் இல்லை. இருந்தால் பரிதாபமாக இருக்கிறது. குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. கலகக் கவிதை எழுதினேன், அழகியல் பேசினேன். பத்து வயசுப் பிள்ளை படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதியதில்லை. அடுத்த நவம்பருக்குள் எழுதுவேன். தவறினால் இந்தப் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் பெட்டக அறைக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆளிடம் இருக்கும். ஒருத்தர் மட்டும் திறக்க முடியாது. அது பணத்துக்குச் சரி. இங்கே இன்றைக்கு வந்திருக்கிற அலமாரிக்கும் ரெண்டு சாவி இருக்கிறது. எது ஒன்றாலும் திறக்கலாம். ஒன்றை நடத்துகிற தோழர்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை எட்டாவது படிக்கிற அந்தத் தங்கச்சியிடம் கொடுங்கள். புத்தகம் கிழியும், தொலையும், அடுப்படியில் எண்ணெய்க் கறை படும். படட்டும். பதினஞ்சாம் தேதியும் அலமாரி திறந்திருக்கணும்.

ஜெய்பீம்.