கேட்டுப் படிப்பதும் படிப்புதான்



'தமிழ்' என்ற சொல்லைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், திரையில் மூன்று எழுத்தும் முத்து முத்தாகத் தெரியும். கணினிக்குள் பதிவாவதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறோம். கண்ணால் படிப்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பார்வையற்ற மாணவி ஒருத்தி தன் கணினியின் திரைவாசிப்பானை அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னால், அது உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். தமிழ்ப் பாடம் என்று திறந்த பக்கத்திலிருந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் கொட்டும். எழுத்துக்கூட்டத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள சிறுவன், காதால் கேட்டாவது பாடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியைத் திறந்தாலும் இதே கதிதான். கருவி பேசத் தயாராக இருக்கிறது. நாம் கொடுத்த பக்கத்தில்தான் அது பேசுவதற்குத் தமிழ் இல்லை.

தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தமிழுக்கான தரமாக ஏற்றது 2010இல். அதன் பிறகும் பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும், வெறும் படமாக ஸ்கேன் செய்த பக்கங்களும் நம் கல்விக்கூடங்களில் புழங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. பக்கம் என்றால் கண்ணுக்கு, படிப்பு என்றால் கண்ணால் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவிலிருந்து மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது. அந்த முடிவை மாற்றச் சொல்லித்தான் இந்த மேடையில் நிற்கிறேன். காதால் கேட்டுப் படிப்பதும் படிப்புதான் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், அடுத்த கடமை தப்பாது: பாடநூலும் வினாத்தாளும் கேட்கத்தக்க வடிவத்தில், யாரும் யாரையும் கெஞ்சாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இது யாரோ நாலு பேர் வீட்டுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அந்தப் படிவத்தில் கற்றல் குறைபாடு என்று தனியாக ஒரு கட்டமே கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் அறிந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான், டிஸ்லெக்சியாவும் எழுத்தில் வரும் டிஸ்கிராஃபியாவும் கணக்கில் வரும் டிஸ்கால்குலியாவும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்ற பெயரில் சட்டத்துக்குள் வந்தன. அதுவரை அந்தப் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டில் இருந்தார்கள்? மக்கு, சோம்பேறி, தண்டம் என்று வகுப்பறைகள் வாய்மொழியாக வைத்திருந்த பதிவேட்டில் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவை என்கிறது. அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை. மூக்குக் கண்ணாடியும் அந்தக் கருவிகளில் ஒன்று. இந்த அவையில் கண்ணாடி அணிந்திருப்பவர்கள் தங்களை யாரும் சலுகை பெற்றவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

கற்றல் குறைபாடு ஆங்கிலத்தோடு வந்த சிக்கல், தமிழில் படித்தால் வராது என்று நம்புவோரும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனால் நம் எழுத்து ஒரு குழந்தையிடம் என்னென்ன கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 'கடல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் ஒரு ஒலி, 'அகம்' என்பதில் ஒரு ஒலி. எழுதுவது ஒரே ககரம். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் ஒரே உயிரொலி இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இருபுறமும் உட்காருகிறது. ரகரமும் துணைக்காலும் கையெழுத்தில் இரட்டைப் பிள்ளைகள். ல, ள, ழ என்று மூன்று. ந, ன, ண என்று மூன்று. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றையெல்லாம் ஓரிரு ஆண்டுகளில் கடந்துவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏறும் மலையாகவே இருக்கிறது. அறிவு குறைந்ததால் அல்ல. எழுத்தை ஒலியாக மாற்றும் அந்த ஒரு வேலை மட்டும் அவர்கள் மூளையில் தடைப்படுவதால். வாசிப்பை ஆராய்ந்த கஃப், டன்மர் இருவரும் 1986இலேயே இதைத் தெளிவாக்கினார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றுவது ஒரு திறன், சொல்லின் பொருளை உணர்வது வேறொரு திறன். இரண்டும் பெருக்கலாகச் சேர்ந்தால்தான் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். முதல் திறனில் தடுக்கி விழுந்த பிள்ளையின் இரண்டாவது திறன் முழுதாக இருக்கலாம். குரல் தரும் கருவி அந்த இரண்டாவது திறனுக்கு நேராக வழி திறக்கிறது.

"கேட்பது எப்படிப் படிப்பாகும்?" என்பது முதல் மறுப்பு. இதே கேள்வியை வரலாறு ஏற்கெனவே ஒருமுறை கேட்டு, ஒருமுறை தோற்றிருக்கிறது. லூயி பிரெயில் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் மாணவராக இருந்தபோது, அங்கே மேடாக எழுப்பிய சாதாரண எழுத்துகளைத்தான் கொடுத்தார்கள். பார்வையுள்ளவர்களின் எழுத்து அது, ஆகவே அதுதான் எழுத்து என்பது அவர்கள் எண்ணம். விரல் நுனிக்கென்றே அவர் உருவாக்கிய புள்ளியெழுத்தை அந்தப் பள்ளியின் தலைமை 1840களில் தடையே செய்தது. மாணவர்கள் மறைவாகப் புள்ளி குத்திப் படித்தார்கள். 1852இல் பிரெயில் மறைந்தார். பள்ளி அவருடைய முறையை முறைப்படி ஏற்றது 1854இல். விரலால் படிப்பது படிப்பா என்று இன்று யாரும் கேட்பதில்லை. காதைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்பது தமிழனுக்குச் சற்றும் பொருந்தாது. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வைத்தார். எழுத்தறியாதவனுக்கும் அறிவின் வாசல் திறந்தே இருக்கிறது என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் சுவடியைவிடச் செவியை நம்பித்தான் நிகண்டையும் நீதிநூல்களையும் நெஞ்சில் ஏற்றினார்கள்.

இரண்டாவது மறுப்பு அக்கறையில் பிறப்பது; அதை மதிக்கிறேன். "கருவியைக் கொடுத்துவிட்டால் பிள்ளை எழுத்துக்கூட்டவே கற்காதே" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். எழுத்து கற்பிப்பதை நிறுத்திவிட்டுக் கருவியைக் கையில் திணிப்பது பெரும் துரோகம். ஒலியையும் எழுத்தையும் இணைத்து, படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் சிறப்பாசிரியரின் வேலையை எந்த மென்பொருளும் செய்யாது. ஆனால் அந்தப் பயிற்சி பலன் தர ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் அறிவியல் நிற்குமா, சமூக அறிவியல் காத்திருக்குமா? நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டப் போராடும் சிறுமிக்கு அதே வகுப்பின் ஒளிச்சேர்க்கைப் பாடம் காது வழியாக வந்து சேரட்டும். இல்லையென்றால் ஒரு குறைபாடு எல்லாப் பாடங்களிலும் குறைபாடாகப் பெருகிவிடும். கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் தருகிறோம், பிசியோதெரபியும் செய்கிறோம்.

மூன்றாவது மறுப்பு தேர்வறையிலிருந்து வருகிறது. "கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், வாசிக்கும் கணினி இதெல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு அநீதி இல்லையா?" ஒவ்வொரு தேர்விடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீ எதை அளக்க வந்தாய்? வாசிப்புத் திறனையே அளக்கும் தேர்வு என்றால், அங்கே குரல் வாசித்துக் கொடுப்பது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். வேதியியல் தேர்வு அளக்க வந்தது வேதியியலை. அங்கே வினாவைப் படிக்கும் வேகத்துக்கும் கையெழுத்தின் வேகத்துக்கும் மதிப்பெண் கொடுத்தால், அநீதி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம் தரச் சொன்னது. விதி தாளில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2021 நவம்பர் சாட்சி. டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் அந்தக் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நியாயம் கண்டது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. தேர்வறையில் விடைத்தாளைப் பிடுங்கும் ஒரு நிமிடத்தைத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. அறைக் கண்காணிப்பாளருக்கு விதி தெரிந்திருப்பதுதான் அந்த மாணவிக்கு வேண்டியிருந்த விழிப்புணர்வு.

"சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமே" என்பார்கள். 2018இல் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல் கற்றல் குறைபாட்டுச் சான்றை எட்டு வயதுக்குப் பிறகுதான் தரச் சொன்னது. 14இலும் 18இலும் மறுபடி சோதனை. ஆறு வயதில் எழுத்தோடு போராடத் தொடங்கும் பிள்ளை, தான் மக்கு என்று நம்புவதற்கு எட்டு வயதுவரை அவகாசம் கொடுத்தோம். பிறகு, குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற கோடு. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சொல்வதை எழுதுபவர் கேட்ட ஒரு தேர்வரின் வழக்கில், நியாயமான வசதி என்பது 40 சதவீதக் கோட்டுக்கு மேலிருப்பவர்களின் தனியுரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. இடஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் சான்று கேளுங்கள். அங்கே அளவு வேண்டும். குரலில் கேட்கத்தக்க ஒரு பாடநூலுக்கு எதற்குச் சான்று? அதைத் தேவையில்லாதவர் எடுத்தால் யாருடைய பங்கு குறையும்?

செலவைப் பற்றியும் பேசிவிடுவோம். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. குரல் இயந்திரத்தனமாக இருக்கிறது என்பது உண்மைதான். சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் இந்திய மொழிக் குரல்களுக்கு உழைத்து வருகின்றன, அது மெருகேறும். பதிப்பாளர்கள் திருட்டுப் பிரதிக்கு அஞ்சுகிறார்கள். ஆனால் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க வடிவில் நூலை மாற்றுவதற்கு இடம் தந்துவிட்டது. பார்வையற்றோருக்கும் அச்சைப் படிக்க இயலாத மற்றோருக்குமான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. உலகுக்கு முன்னால் முதலில் உறுதிசெய்துவிட்டு, உள்ளூர் வினாத்தாளைப் பாமினியில் அடிப்பது எந்த நியாயம்?

ஆசிரியப் பெருமக்களே, நாற்பது பிள்ளைகளும் ஆயிரம் பதிவேடுகளும் உங்கள் தலைமேல் இருக்கின்றன என்பதை அறிவேன். நீங்கள் மருத்துவராக வேண்டாம். வாயால் அழகாக விடை சொல்லும் பிள்ளை தாளில் ஏன் தோற்கிறது என்று ஒருமுறை நின்று கவனியுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள அந்தத் தூரம்தான் அடையாளம். கவனித்தால், சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த வினாத்தாளை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். படமாக அல்லாமல் எழுத்தாக அனுப்புங்கள். பெற்றோர்களே, பள்ளி ஆண்டு தொடங்கும்போது புத்தகம், சீருடை கேட்பதைப் போலவே, கேட்கத்தக்க பாடநூல் எங்கே என்று கேளுங்கள். 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறியும் பொறுப்பைக் கல்விக்கூடத்தின் மேல்தான் வைத்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். கணினி இல்லை, சட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. இந்தப் பிள்ளைகளால் கற்க முடியும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. இன்று மற்ற எல்லாமே நம் கையில் இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும், நீங்கள் கடைசியாகத் தயாரித்த ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து உங்கள் கைப்பேசியை வாசிக்கச் சொல்லுங்கள். வருவது தமிழாக இருந்தால், எங்கோ ஒரு பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேரும். ஜே, கே, பி, ஓ என்று வந்தால், படுக்கப் போகும் முன் அதைத் தமிழாக்கிவிடுங்கள்.