மலையைக் குடைந்த கைகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ‘போர்காட்’ மலைவழியைக் கடவாதது எது? சென்னை செல்லும் வண்டி கர்ஜத்தில் நின்று, பின்புறம் துணை எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டு, குகை குகையாக நுழைந்து லோணாவளாவுக்கு ஏறுவதை நாம் அனைவரும் அறிவோம். அக்குகைகள் உருவான வரலாற்றை அறிந்தோர் சிலரே.

ஜி.ஐ.பி. ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி வகுத்த வழி அது. 1856இல் வேலை தொடங்கி 1863இல் முடிவுற்றது. ஏறத்தாழ 16 மைல் தொலைவுக்குள் 1,831 அடி உயரம் ஏறவேண்டும். அதற்காக 25 குகைகள் குடையப்பெற்றன. இன்றைய இயந்திரங்கள் அன்று ஏது? உளி, சம்மட்டி, வெடிமருந்து இவையே கருவிகள். கால் ஊன்ற இடமில்லாச் செங்குத்துப் பாறைகளில், தொழிலாளர் கயிற்றில் தொங்கியவாறே துளையிட்டனர். 1861இன் தொடக்கத்தில் அங்கே உழைத்தோர் 42,000 பேர். பெருமழையும் வாந்திபேதியும் அவர்களை வாட்டின. மாண்டோர் பல்லாயிரவர் என்பர்.

ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் வந்திறங்கிய சில வாரங்களிலேயே நோய்க்கு இரையானார். அவர்தம் மனைவி ஆலிஸ் அம்மையார் மனந்தளராது ஒப்பந்தத்தை ஏற்று, பொறியாளர்களை அமர்த்தி வேலையை நிறைவேற்றினார். பெர்க்லியோ, வழி முழுதும் திறக்கப்பெறுமுன் 1862இல் காலமானார்.

1871இல் அப்பாதை ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இணைந்தது. நம் முன்னோர் பலர் பிழைப்பை நாடி மும்பைக்கு வந்தது அவ்வழியேதான். பின்னாளில் தடம் சில இடங்களில் மாறிற்று, மின்சாரமும் வந்தது. ஆயினும் அன்று குடைந்த குகைகள் பலவற்றினூடே இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

அன்பர்களே! பெர்க்லியின் பெயரையும் டிரெட்வெல்லின் பெயரையும் ஏடுகள் காத்துள்ளன. அந்த 42,000 பேரில் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா? கூலிக்காக ஊர்விட்டு வந்தவர்களை எழுதிவைப்பார் இலர், ஆதலின் மறைந்தனர். நம் பாட்டன்மாரும் அங்ஙனம் ஊர்விட்டு வந்தவர்களே. அவர்கள் எவ்வூரினின்று, எவ்வாண்டில், எத்தொழிலுக்கு வந்தனர் என்பதை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இவ்வாண்டே சங்கத்தில் ஏடு ஒன்று திறந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைப்போமாக. காலந்தாழ்த்தின் கேட்பதற்கு ஆள் இரார்.