லயங்களிலிருந்தே சட்டத் தன்னார்வலர்கள் எழ வேண்டும்

(இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதித் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த பெண் தொழிலாளி ஓய்வு பெறுகிறார். ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், முப்பது நாட்களுக்குள் பணிக்கொடை அவர் கைக்கு வர வேண்டும் என்கிறது சட்டம். நிர்வாகம் இழுத்தடித்தால் எந்த அதிகாரியிடம் முறையிடுவது, என்ன எழுதுவது என்று அவருக்கு யார் சொல்கிறார்கள்? பீர்மேட்டில் முதலாளிகள் தோட்டங்களைக் கைவிட்டுப் போனபோது, நிலுவையைப் பெற வழியின்றித் தொழிலாளர்கள் லயங்களில் தவித்ததை நாம் அறிவோம்.

வழக்கறிஞர் நகரத்தில் இருக்கிறார். லயத்துக்கும் நகரத்துக்கும் இடையே நிற்பவர் பெரும்பாலும் இடைத்தரகர். இந்த இடைவெளிக்காகவே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009 இல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்ட ஆணையம் பயிற்சியும் அடையாள அட்டையும் தருகிறது. பணிபுரியும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. தன்னார்வலர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆனால் மனு எழுத உதவலாம், அலுவலகத்துக்கு உடன் செல்லலாம், இலவச வழக்கறிஞரிடம் சேர்ப்பிக்கலாம். இது யாரும் இடும் பிச்சையன்று. 1976 இல் அரசமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவும், 1987 ஆம் ஆண்டுச் சட்டமும் தந்த உரிமை. பெண்கள், தலித் மக்கள், ஆதிவாசிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்.

இப்பணிக்குத் தொழில்முறைச் சான்றிதழ் தேவையா? தேவை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொண்டு தொழிலாளியின் ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிலையில், சான்று பெற்றவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். கையூட்டு வாங்கினால் சான்றைப் பறிக்கலாம். ஆனால் அது கட்டாயமாகக் கூடாது. அமெரிக்காவில் ஒரு தொழில் சங்கம் 1976 முதல் நடத்தும் தேர்வு விருப்பத்தின்பாற்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலோ 2007 முதல் உரிமம் கட்டாயம். நம் மலைகளில் உரிமத்தைக் கட்டாயமாக்கினால் முதலில் வெளியே நிறுத்தப்படுபவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாத தோட்டத் தொழிலாளியே.

ஆனால் அவரிடம் இருக்கும் அறிவு வேறெவரிடமும் இல்லை. தலித் தமிழர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் கேட்டால், முன்னோர் 1950 க்கு முன்பே இங்கு வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். பாட்டன் பெயர் எந்த எஸ்டேட்டின் பழைய பதிவேட்டில் இருக்கும் என்பதை லயத்தில் பிறந்தவர்தாம் அறிவர். அட்டப்பாடியில் 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரும்போதும், எந்தக் காட்டை யார் பயன்படுத்தினர் என்று சொல்லத் தகுந்தவர் ஊர்ப் பெரியவரே.

மொழியை மறந்துவிடக் கூடாது. 1956 இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. 1969 ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வகை செய்கிறது. பயிற்சியும் தேர்வும் தமிழில் இல்லாவிட்டால் இந்த உரிமை ஏட்டிலேயே நின்றுவிடும். 29 தொழிலாளர் சட்டங்களை ஒன்றிய அரசு நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிவிட்ட இக்காலத்தில், நம் தோழர்கள் சட்டத்தைப் புதிதாகக் கற்றாக வேண்டும்.

தொழிலாளர்களால் இது ஆகுமா என்று ஐயுறுவோர் 2015 செப்டம்பரை எண்ணிப் பார்க்கட்டும். இருபது சதவீத போனஸ் பத்தாகக் குறைக்கப்பட்டதும், மூணாறு வீதியை நிறைத்த பெண்கள் கணக்கைத் தாங்களே கேட்டார்கள். நிர்வாகத்தை மட்டுமல்ல, தொழிற்சங்கங்களையும் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாம் செயலால் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலிருந்து இரு பெண் தொழிலாளர்களையேனும் தன்னார்வலர் பயிற்சிக்கு அனுப்பட்டும். தமிழில் பயிற்சி, தமிழில் தேர்வு, படிப்பைக் காட்டித் தடுக்காத சான்றிதழ் ஆகிய கோரிக்கைகளை மாவட்ட ஆணையங்களிடம் எழுதிக் கொடுப்போம். அந்த மனுவைத் தமிழிலேயே எழுதுவோம், தோழர்களே!