அருங்காட்சியகத்தில் அருகப்பெருமான்

(மகாவீர் ஜெயந்தி விழாவில், மயிலாப்பூரில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், என் பேரனை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அது 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சமணச் சிற்பங்களிடையே, அமர்ந்த கோலத்துத் தீர்த்தங்கரர் ஒருவரைச் சுட்டி, "தாத்தா, இவர் புத்தரா?" என்று அவன் வினவினான். பல்லாண்டுகள் வகுப்பறையில் சீவக சிந்தாமணி நடத்திய எனக்கு அவ்வினா சுருக்கென்று தைத்தது. பிழை அவனுடையதன்று. வணங்கக் கற்பித்த நான், அடையாளம் காணக் கற்பிக்கவில்லை.

அங்கேயே பாடம் தொடங்கினேன். தலைக்குமேல் முக்குடை, ஆடையற்ற திருமேனி, நின்ற கோலமாயின் உடலைத் தொடாது தொங்கும் நீண்ட கைகள். பீடத்தில் இலாஞ்சனம் இருப்பின் பெயரும் தெளிவாகும்: காளை ரிஷபநாதர், சங்கு நேமிநாதர், சிங்கம் மகாவீரர். கடப்பை மாவட்டத்துத் தானவுலபாட்டிலிருந்து வந்த பார்சுவநாதரை, தலைக்குமேல் விரிந்த நாகப்படம் கண்டு அவனே இனங்கண்டான்.

அதன்பின் வட நாட்டுக்கு யாத்திரை செல்வோரிடம், திருத்தலங்களோடு அருங்காட்சியகங்களையும் காணுமாறு கூறிவருகிறேன். மதுராவின் கங்காளி மேட்டில் 1888 முதல் 1891 வரை அகழ்ந்தெடுத்த ஆயாகபட்டங்களும் திருமேனிகளும் பெரும்பாலும் இலக்னோ அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் எழுத்துகளில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் அறம் செய்த இல்லறப் பெண்டிரின் பெயர்களைக் காணலாம். வடோதராவில், 1951இல் அகோட்டாவில் கிடைத்த செப்புத் திருமேனிகள் உள்ளன. கோயில்கள் அழிந்தன, மண் காத்தது, இன்று அருங்காட்சியகம் காக்கிறது.

இப்பேறு நாம் கூடியிருக்கும் இம்மயிலைக்கு வாய்க்கவில்லை. இங்கே கடற்கரையில் நேமிநாதர் ஆலயம் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' என்று பெயரிட்டது அப்பெருமானை நினைந்தே. சாந்தோமில் கிடைத்த துண்டுக் கல்வெட்டொன்றில் நேமிநாத சுவாமியின் பெயர் இருப்பதை, இவ்வூரிலேயே பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி எடுத்துக்காட்டினார். கடல் கொள்ளுமென அஞ்சித் திருமேனியை மேல்சித்தாமூருக்குக் கொண்டு சென்றனர் என்பது நம் முன்னோர் வழிவந்த செய்தி. ஆலயம் இன்றில்லை, அதன் தூண் எத்தகையது, விமானம் எத்தகையது என்று சொல்ல ஓர் ஓவியமும் நம் கையில் இல்லை. ஏட்டில் எழுதியமையால் பெயரேனும் எஞ்சியது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள திருமேனிகளுக்கு அபிடேகமில்லை, ஆராதனையில்லை. அவற்றின் பெயரறிந்து நிற்கும் நம் பிள்ளைகளே அவற்றுக்குச் சிறப்பு.

இரண்டாவது, விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது, ஜினாலயத்தின் ஒவ்வொரு திருமேனியையும் நிருவாகத்தாரின் இசைவோடு படமெடுத்து, உயரம், இலாஞ்சனம், பீடத்து எழுத்து ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரு படி ஊரில் இருக்கட்டும். ஒரு படி அறக்கட்டளையிடம் இருக்கட்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த கோயிற் படங்களே, களவுபோன சிலைகள் சில கடல் கடந்து மீண்டுவரச் சான்றாயின. படமில்லாத திருமேனி களவுபோயின், அது நம்முடையதென்று எவ்வாறு மெய்ப்பிப்போம்?

அன்று பேரன் கேட்ட வினாவை நாளை அவன் பிள்ளை கேட்கலாகாது. கேட்பினும், விடை சொல்ல அவன் அறிந்திருத்தல் வேண்டும். அதற்கான பாடம் நம் இல்லங்களில் இன்றே தொடங்குக.

வாழ்க அறம்! ஜெய ஜினேந்திரா!