நாலு பேர் என்ன சொல்வார்கள்?

(கோலார் தங்க வயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனிதன் எதற்குப் பயப்படுகிறான் என்பதைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். சர்க்கார் உத்தியோகத்திலேயே ஆயுளைக் கழித்தவனுக்கு இதில் அனுபவக் குறைவு கிடையாது. மேலதிகாரி ஓர் அபிப்பிராயம் சொன்னவுடன் மேஜையைச் சுற்றியுள்ள பத்துத் தலைகளும் ஒரே மாதிரி ஆடும். வெளியே வந்து காபி சாப்பிடும்போது ஒவ்வொருவரும் தனித்தனியே, "இது நடக்கிற காரியமில்லை சார்" என்பார்கள். அதிகாரிக்குப் பயந்து ஆடியது பாதி. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரே என்று ஆடியது மீதி.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஆகவே ஒரு பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன். 1951-ல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையிலிருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். அந்த ஒருவரும், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். சம்பளம் பிடிப்பவர், தண்டிப்பவர் யாரும் அங்கே இல்லை! கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைச் சரியாகச் சொல்ல வைத்தபோது, அந்தத் தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. இந்த ஒற்றைத் துணையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாம் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு வருவோம். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியபின் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து ஜனங்கள் திரண்டு வந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். நாளாவட்டத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போன வேலை. பாறை வெடிக்கும், தூசு நுரையீரலில் படியும். மேலே வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. துரைகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும். தொழிலாளிக்குத் தட்டி வீடு.

இத்தனைக்கும் ஏன் வந்தார்கள்? பஞ்சமும் கூலியும் காரணம்தான், ஆனால் அவை மட்டுமல்ல. சொந்தக் கிராமத்தில் செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தால் ஊரே பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பின்னால் நிலமும் கூலியும் தடியும் இருந்தன. பார்த்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. இங்கேயோ அடுத்த வீட்டுக்காரனும் அதே மாதிரி வந்தவன். கம்பெனிக்கு வேண்டியது தங்கம். யார் செருப்புப் போட்டான் என்பதல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டதும், சாம்பியன் ரீஃப்ஸில் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துக்களை அச்சிட்டதும் இந்தச் சூழ்நிலையில்தான்.

1930 ஏப்ரலில் ஒரு சம்பவம். தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. கைரேகை கைதிக்கு அல்லவா எடுப்பார்கள்? வலுவான தொழிற்சங்கம் எதுவும் இல்லாத அந்த நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் சுமார் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. கம்பெனியிடம் பயமில்லாமல் இருந்திருக்குமா? பட்டினிப் பயம் இல்லாமல் இருந்திருக்குமா? லைன் முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் இறங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் அவற்றைவிடப் பெரிதாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். கிராமத்தில் அவர்களை அடக்கிய அதே சரக்கு இங்கே அவர்களுக்கு முதுகெலும்பாயிற்று.

நம் கதை என்ன? 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1885-ல் காங்கிரஸின் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்தவர். பால்ய விதவையான தம் மகளுக்கு 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். நம் சமூகம் அவரை ஒதுக்கியது. பிரஷ்டம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாத்தியார் வரமாட்டார். தெவசத்துக்கு ஆள் கிடைக்காது. பந்தியில் யாரும் உட்காரமாட்டார்கள். மற்றக் குழந்தைகளுக்கு வரன் வராது. ஜெயில் தண்டனைக்காவது விடுதலைத் தேதி உண்டு, இதற்கு அது கிடையாது. அதனால்தான் வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் முழங்கியவர்களில் பலர் வீட்டு வாசற்படியில் வாயை மூடிக்கொண்டார்கள். ராமானுஜன் 1920-ல் காலமானபோது, கடல் கடந்தவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி தன் அங்கத்தினராகக் கௌரவித்த மேதைக்கு இந்தக் கதி!

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனியின் அதிகாரம் போய், சயனைட் மலைகள் மட்டும் நிற்கின்றன. நாலு பேர் மட்டும் எங்கும் போகவில்லை.

சென்ற வருஷம் எனக்குத் தெரிந்த ஒருவர் பெண்ணுக்கு வரன் விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். "உட்பிரிவு தடையில்லை" என்று சேர்க்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை போன் செய்தார். "அதை எடுத்துடுங்கோ. எனக்கு ஆட்சேபணை இல்லை, தம்பி என்ன நினைப்பானோ?" என்றார். அந்தத் தம்பியையும் எனக்குத் தெரியும். அதே வாரம் பூங்காவில் நடக்கும்போது தம் பையன் விஷயமாகப் பேசியவர், "உட்பிரிவெல்லாம் யார் சார் இப்போ பார்க்கறா? அண்ணாவுக்காகத்தான் யோசிக்கறேன்" என்றார்.