கூமுட்டைக்கு யார் காரணம்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மொட்டை மாடியில் கூண்டு வைத்து லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களின் மனக்குறை ஒன்றுதான்: பெட்டை முட்டை போடுகிறது, குஞ்சு வரவில்லை. (நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைப் பற்றிப் பேசவில்லை, அதை வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தராது.)

அடைகாக்கத் தொடங்கிய ஏழாம் நாள், இருட்டில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கூமுட்டை.

அப்போது முதலில் ஜோடியையே சந்தேகப்படுங்கள். இரண்டும் பெட்டையாக இருக்கலாம். கொஞ்சிக் குலாவும், முட்டையும் போடும்! லவ் பேர்ட்ஸ் என்றே நாம் அழைக்கும் பட்ஜியில் மூக்குத் தோல் நீலமென்றால் பெரும்பாலும் ஆண், பழுப்பென்றால் பெட்டை. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ் பலவற்றில் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். இறகு கொடுத்து டி.என்.ஏ. சோதனைதான் செய்ய வேண்டும்.

ஜோடி சரியா? உட்காரும் கொம்பை ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற கொம்பில் ஆண் பறவையால் மிதிக்க முடியாது. கொம்பை இறுக்கிக் கட்டினாலே சில ஜோடிகள் தேறிவிடும்.

தீனி? வெறும் தினை போதாது. முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை, கடல் நுரை (கணவாய் ஓடு), எல்லாம் வேண்டும். மருந்துக்கடை டானிக் அதற்கப்புறம்தான்.

இனி வெயில். வேலூரில் மே மாதம் 40 டிகிரி தாண்டும். கடும் சூட்டில் ஆண் பறவையின் விந்து வீரியம் குறையும். அதனால் ஏப்ரலிலேயே முட்டைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, மழை வந்தபின் மாட்டுங்கள்.