நடிகை கீதா பாலி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் வள்ளுவரையும் கம்பரையும் பற்றிப் பேசுவதே வழக்கம். பஞ்சாபில் பிறந்து இந்திப் படங்களில் நடித்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பிழைப்பு நாடி வந்து வடநாட்டு மக்களிடையே வாழ்கின்றோம். அவர்கள் வீட்டுத் திருமணங்களுக்குச் செல்கின்றோம். அவர்கள் பாட்டை நம் குழந்தைகள் முணுமுணுக்கின்றனர். அவர்கள் போற்றியவர்களின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்திருப்பது அண்டை வீட்டாராகிய நமக்கு அழகு. அன்றியும், இந்த அம்மையாரின் வாழ்வில் நம் இல்லங்களுக்குப் பயன்படும் செய்திகள் இரண்டு உள்ளன. அவற்றைச் சொல்லவே முன்வந்தேன்.

கீதா பாலி 1930-ஆம் ஆண்டு, பிரிக்கப்படாத பஞ்சாபில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹர்கீர்த்தன் கௌர். இறைவன் புகழைப் பாடுதல் என்பது அப்பெயரின் பொருள். தந்தையார் சமயக் கல்வி உடையவர். ஆயினும் பெண்மக்களுக்கு இசையும் நடனமும் கற்பித்தார். பெண்கள் மேடையேறுவதைப் பொறாத பழமைவாதிகள் அக்குடும்பத்தை விலக்கி வைத்தனர். தந்தையார் அதற்கு அஞ்சித் தம் மக்களின் கால் சலங்கையைக் கழற்றவில்லை.

1946-இல் வெளிவந்த 'பத்நாமி' என்னும் படத்தில் கீதா பாலி தோன்றினார். பத்நாமி என்றால் அவப்பெயர் என்று பொருள். ஊரார் எதைச் சொல்லி அச்சுறுத்தினரோ, அதுவே படத்தின் பெயராக வாய்த்தது! பின்னர், மதுபாலா, ராஜ் கபூர் ஆகியோருக்குக் கதைத்தலைமை வேடம் அளித்த இயக்குநர் கேதார் சர்மா, 1948-இல் 'சுஹாக் ராத்' படத்தில் இவரைக் கதாநாயகியாக்கினார். நாடு இரண்டாகி, எண்ணற்ற பஞ்சாபிக் குடும்பங்கள் வேரற்று நின்ற காலம் அது. அக்காலத்தில் பம்பாய் இவருக்குப் புகலிடமும் தொழிலும் தந்தது.

1950-இல் 'பாவ்ரே நைன்' படத்தில் ராஜ் கபூருடன் நடித்தார். 1951-இல் பகவான் இயக்கி நடித்த 'அல்பேலா' வெளிவந்தது. சி. ராமச்சந்திராவின் இசையும் கீதா பாலியின் துள்ளலும் சேர்ந்து அப்படத்தை மக்கள் மறவாத படமாக்கின. அதே ஆண்டில் குருதத் முதன்முதலாக இயக்கிய 'பாஜி' வந்தது. அதில் சூதாட்ட விடுதியில் ஆடும் பெண்ணாக வந்து, நாயகனைக் காக்கத் தன்னுயிரை ஈயும் வேடம் இவருடையது. 1952-இல் 'ஜால்' படத்தில் மீனவப் பெண் மரியாவாகவும், 'ஆனந்த மடம்' படத்தில் பிருத்விராஜ் கபூருடனும் நடித்தார். 1955-இல் வெளிவந்த 'வசன்' படத்தில் தம்பியரை ஆளாக்கும் பொருட்டுத் தன் வாழ்வைத் தேய்த்துக்கொள்ளும் தமக்கையாக நடித்தார். அந்நடிப்புக்காகப் பிலிம்பேர் சிறந்த நடிகை விருதுக்கு இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

இவரது நடிப்பில் நான் வியப்பது ஒன்றுண்டு. அழகை முன்னிறுத்தி நிற்கும் பதுமையாக அவர் என்றும் இருந்ததில்லை. சிரிப்பும் குறும்பும் கண்ணீரும் அவர் முகத்தில் நொடிக்கு நொடி மாறும். அழுகைக் காட்சியிலும் மூக்கை உறிஞ்சவோ முகத்தைச் சுளிக்கவோ அவர் கூசியதில்லை. நம் வீட்டுப் பெண் பேசுவது போலவே திரையில் பேசினார். 1956-இல் 'ரங்கீன் ராத்தேன்' படத்தில் ஆண் வேடமே தரித்தார் என்றால், அவர் துணிவை என்னென்பது!

அப்படத்தின் படப்பிடிப்பில்தான் ஷம்மி கபூரும் இவரும் மனமொன்றினர். அன்று கீதா பாலி புகழ் பெற்றவர். ஷம்மி கபூரோ தொடர் தோல்விகளால் துவண்டிருந்த இளைஞர். 1955 ஆகஸ்டில் பம்பாய் பாண்கங்கைக் கோயிலில், பெற்றோருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், மணம் முடித்தனர். வகிட்டில் இடக் குங்குமம் இல்லாமற்போகவே, உதட்டுச் சாயத்தையே எடுத்து இட்டார் மணமகன். ஆடம்பரம் இல்லாத அத்திருமணம் அன்பில் குறைந்ததாக இருக்கவில்லை. 1957-இல் 'தும்ஸா நஹீன் தேக்கா' வெற்றி கண்டு ஷம்மி கபூரின் காலம் பிறந்தது. அதற்கு முந்தைய இருண்ட நாட்களில் அவருக்கு ஊக்கமளித்து உடனிருந்தவர் மனைவியே. மணத்துக்குப்பின் கீதா பாலியின் படங்கள் குறைந்தன. 1963-இல் வந்த 'ஜப் ஸே தும்ஹேன் தேக்கா ஹை' அவரது வெளிவந்த படங்களுள் கடைசி ஆயிற்று.

ஆனால் அவர் உள்ளத்தில் வேறொரு படம் இருந்தது. லாகூர் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து, பின் உருதுவின் பெரும் எழுத்தாளராக உயர்ந்த ராஜிந்தர் சிங் பேதி, 1962-இல் 'ஏக் சாதர் மைலி ஸீ' என்னும் நாவலை வெளியிட்டார். சற்றே அழுக்கடைந்த ஒரு போர்வை என்பது தலைப்பின் பொருள். குதிரை வண்டி ஓட்டும் கணவன் கொலையுண்ட பின், மகனைப் போல் வளர்த்த கொழுந்தனுக்கே போர்வை போர்த்தி மணம் முடிக்கப்படும் ராணோ என்னும் ஏழைப் பெண்ணின் கதை அது. 1965-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். தம் தாய்மண்ணின் இக்கதையைப் பஞ்சாபி மொழியில் 'ராணோ' என்னும் படமாகத் தாமே தயாரித்து நடிக்க முற்பட்டார் கீதா பாலி. அப்பணி நடந்துகொண்டிருந்த காலத்தில் அவரைப் பெரியம்மை பற்றியது. 1965 ஜனவரி 21-ஆம் நாள், 35 வயதுகூட நிறையாமல், இரு சிறு குழந்தைகளை விட்டு மறைந்தார். படம் பாதியில் நின்றது.

கதை மட்டும் நிற்கவில்லை. 1978-இல் பாகிஸ்தானில் நடிகை சங்கீதா அதனைப் படமாக்கினார். 1986-இல் இந்தியில் அக்கதை படமானபோது, ராணோவாக நடித்தவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஹேமமாலினி. கொழுந்தனாக நடித்தவர் ஷம்மி கபூரின் தமையன் மகன் ரிஷி கபூர். ஒரு பஞ்சாபிப் பெண் பாதியில் விட்ட வேடத்தை ஒரு தமிழ்ப் பெண் ஏற்று முடித்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரத்தக்கது.

இனி, நான் முதலில் குறிப்பிட்ட இரண்டு செய்திகள்.

முதலாவது, அம்மை. நம்மவர் அதனை மாரியம்மன் என்றனர், வேப்பிலை செருகினர். இவ்வூரார் சீதளா மாதா என்றனர். தெய்வத்தின்மேல் பாரத்தைப் போடுவதில் இரு நாட்டாரும் ஒன்றே. ஆனால் வந்தபின் தீர்க்க அந்நோய்க்கு அன்று மருந்தில்லை; வருமுன் காக்க 1796-இல் ஜென்னர் கண்ட வழி இருந்தது. பணமும் புகழும் உடைய இல்லத்துக்குள்ளேயே நுழைந்த அந்நோயை, வீடு வீடாகச் சென்று அம்மை குத்திய ஊழியர்களே விரட்டினர். 1975-க்குப்பின் இந்தியாவில் அது தலைகாட்டவில்லை. 1980-இல் உலகிலேயே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நம் பாட்டிமார் புயத்தில் உள்ள வட்டத் தழும்பு அவ்வெற்றியின் முத்திரை. குழந்தைக்கு ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று தவணையைத் தள்ளிப் போடும் தாய்மார்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டாவது, நம் பெண்மக்கள். நம் விழாவில் பத்து வயதில் ஆடிய சிறுமியைப் பதினைந்து வயதில் இம்மேடையில் காண்பதில்லை. கேட்டால், “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்பதே மறுமொழி. கீதா பாலியின் தந்தையாரிடமும் அந்த நாலு பேர் சொல்லத்தான் செய்தனர். அவர்கள் பெயரை இன்று யாரும் அறியார். அவர் மகளின் பெயரை நாடறியும். எல்லாப் பெண்களும் நடிகையாக வேண்டும் என்று நான் கூறவில்லை. பாட்டோ, ஆட்டமோ, படிப்போ, எதுவாயினும் நம் பெண் விரும்பிக் கற்றதை நாமே பாதியில் நிறுத்தலாகாது. நோயும் சாவும் நிறுத்துவன போதாவா? அடுத்த ஆண்டு விழாவில் அப்பெண்களை மீண்டும் இம்மேடையில் காண விழைகிறேன்.